கல்லின் வேலை

சல்மாபாத் ஷெட்டுக்கு ஆறு கற்கள் வந்தன.
ஒரே டிரைவர், ஒரே நடையில்
ஆறையும் அணைத்துக்கொண்டு வந்து இறக்கினான்.
அங்கேயே தெரிந்துவிட்டது.

முத்துக்குளிப்பவன் காலில் மாட்டிக்கொண்டு
கீழே போவானே, அந்தக் கல்.
ஃபைபரில் வார்த்தது.
பசந்த் மூன்று நாள் உட்கார்ந்து பூசினான்.
பாசி ஈரமாகவே இருந்தது.
துளையோரம் கயிறு அறுத்த தழும்புகூட வைத்திருந்தான்.

ஃபவ்வாஸ் ஒன்றை இரண்டு விரலில் எடுத்தான்,
முழங்காலில் தட்டினான், நெஞ்சில் வாங்கினான்,
பந்தாக்கி பசந்திடமே உதைத்தான்.
முனீரா சிரிக்கவில்லை.
"வியாழக்கிழமைக்குள் கனம் வேண்டும்"
என்றாள் என்னைப் பார்த்து.
கனம் என் இலாகா.

வாள் என்றால் பிடிக்குள் வைப்பேன்.
பணப்பெட்டி என்றால் நாலு மூலைக்கும் டைல்ஸ் துண்டு.
தங்கக்கட்டி என்றால் முதலிலேயே கைவிரித்துவிடுவேன்:
ஈயத்தையே வார்த்தாலும்
தங்கத்தின் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும்,
மீதியை நடிகன்தான் தூக்கவேண்டும்.
இது அப்படியில்லை.
கனமாக இருப்பதைத் தவிர
வேறு வேலையே தெரியாத பொருள்.
அதைப் போய் வெறுங்கூடாகச் செய்திருக்கிறார்கள்.

முதலில் மணல்.
தொட்டிலில் தொங்கவிடலாம் போலக் கிலுகிலுத்தது.
பிறகு சிமெண்டு.
ஒரு பக்கமாகச் சாய்ந்து உறைந்துபோய்
எப்படி வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
கடைசியில் முஹர்ரக் வலைக்கடையில்
ஈயக்குண்டு நாலு பை.
கணக்கர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கத்தில் காரணம் எழுதியிருக்குமோ என்று.
சிலிக்கானில் குழைத்து அடிவயிற்றில் அப்பி
ராத்திரி முழுக்க அசையாமல் நிற்கவிட்டேன்.

எத்தனை கிலோ?
ஐந்து என்றார்கள். ஆறு என்றார்கள்.
இன்ஷூரன்ஸ்காரர்கள் மட்டும் தெளிவாக இருந்தார்கள்:
ஒரு கணுக்காலுக்கு இரண்டு.
பசந்த் கட்டிலடியிலிருந்து
பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்துவந்தான்.
லீவுக்குப் போன அத்தனை பேரின் முப்பது கிலோவையும்
கிராம் பிசகாமல் சொன்ன தராசு.
இரண்டில் வந்து நிற்க
அதற்கே கொஞ்சம் தயக்கமிருந்தது.

ஒத்திகையில் ஃபவ்வாஸ் கயிற்றை மாட்டினான்.
காலைத் தூக்கினான்.
கல் ஒரு நொடி பிந்தி வந்தது.
அந்த நொடிக்குத்தான் ஈயத்தை அடியில் வைத்தது.
முதலில் கால் நம்பியது,
பிறகு இடுப்பு.
முகம் கடைசியில், கொஞ்சம் பயந்து.
முனீரா அன்று எந்தக் குறிப்பும் எழுதவில்லை.

ஐந்து கல்லோடு ஈயம் தீர்ந்துவிட்டது.
ஆறாவதின் வாயை அடைத்து
அலமாரி மேல் வைத்திருந்தேன்.
வெள்ளிக்கிழமை போஸ்டருக்குப் படம் பிடிக்கப் போனவர்கள்
கைக்கு எட்டியது அதுதான்.

கழுத்தளவுத் தண்ணீர்.
கல் மிதந்ததாம்.
அமுக்கினால் வழுக்கி எழும்பியதாம்,
விட்டால் கரைக்கே வந்து வந்து நின்றதாம்.
நீருக்கடியில் கேமரா காத்திருக்க
ஃபவ்வாஸ் மூச்சை இழுத்துக்கொண்டு
இரண்டு காலையும் அதன் தலையில் ஊன்றியிருக்கிறான்.

இப்போது ஊரெல்லாம் அந்தப் போஸ்டர்.
பச்சை நீர், கயிறு, கல்,
கல்லோடு இறங்கும் கால்கள்.
நன்றாகத்தான் வந்திருக்கிறது.
சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம்
நான் அவன் கட்டைவிரலைப் பார்க்கிறேன்.
வளைந்து, வெளுத்து, அழுத்திக்கொண்டிருக்கிறது.
கொஞ்சம் விட்டால் மேலே வந்துவிடும்.