ஒரு பிர் நாணயம்

சாப்பிடுமுன் தட்டின் ஓரம்
ஒரு பிர் நாணயத்தை வைக்கிறார் அஸ்ரத்.
அளவு பிடிக்க அது வேண்டுமாம் செயலிக்கு.
நிழல் விழாமல்
மகள் ஹிருத் தள்ளி நிற்கிறாள்.
க்ளிக்.

புளித்த மாவின் ஆயிரம் கண்களோடு
இஞ்சேரா கேமராவைப் பார்க்கிறது.
மாவுச்சத்து: இருநூற்றுப் பத்து கிராம்.
சிவப்பு எழுத்தில்.

“தட்டு ஒன்று, கை மூன்று.
உன் பங்கு எதுவென்று கேள் அதை”
என்கிறாள் வொர்க்னேஷ்.

எத்தனை பேர் என்று கேட்கும் கட்டம்
அதில் இல்லை.
கோண்டர் நில அளவை அலுவலகத்தில்
இருபத்தாறு வருடம் இருந்தவர்,
விரலால் தன் பக்கம் எல்லை கீறுகிறார்.
பருப்புக் குழம்பு
எந்தப் பத்திரமும் பார்க்காமல் தாண்டி வருகிறது.

ஏழு கவளம், எண்ணி.
போதுமென்று எழப் போகையில்
வாயருகே வந்து நிற்கிறது
வொர்க்னேஷ் சுருட்டிய கவளம்.
மறுக்க முடியாது. ஒன்றோடு விட்டால்
பகை என்பார்கள் அங்கே;
ஆகவே இன்னொன்று.

கை கழுவி வந்து
செயலியின் குறிப்பில் தட்டுகிறார்:
ஒன்பது.
அதில் இரண்டு நான் எடுத்தவை அல்ல.

நாணயத்தை ஹிருத் துடைக்கிறாள்,
நாளைக் காலைக்கு.