சாய்த்துப் பார்த்தல்

வைரக் கத்திக்குக் கோபமே வராது.
பிசினில் உறைந்த கடலை
எழுபது நானோமீட்டர் கனத்தில் சீவித்
தண்ணீர்மேல் மிதக்கவிடும்.
வெள்ளி நிறம் என்றால் சரியான கனம்,
ஊதா என்றால் தூக்கிப் போடு.
ரொஸ்காஃப் துறைமுகத்துக்கு எதிரே, இரண்டாம் மாடியில்,
பதினோரு வருடமாக இதுதான் என் வேலை.
காரைக்காலிலிருந்து கேட்பவர்களிடம்
ஆஸ்பத்திரி மாதிரி ஓர் இடம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த முறை வந்தது
கோடையில் கடலைத் துருநிறமாக்கும் ஒற்றைச் செல்.
கண்ணீர்த்துளி வடிவம், ஒரு முனையில் முள்.
அதன் உட்கருவுக்குள்
நம்மிடம் இருப்பதைவிடப் பல மடங்கு டி.என்.ஏ.

நம்முடையது புரத உருளைகளில் சுற்றிய நூல்.
வேண்டும்போது பிரியும், வேண்டாதபோது சுருளும்.
இதற்கு அந்த உருளைகள் இல்லை.
தின்னும்போதும் நீந்தும்போதும் இரண்டாகும்போதும்
நூறு குரோமோசோம்களும்
கட்டுப் பிரிக்காமல் குச்சி குச்சியாக நிற்கும்,
குடிவந்து எட்டு மாதமாகியும்
பெட்டி திறக்காத கீழ்வீட்டு லூயிக் போல.
தேவைப்பட்டால்
மூடியிடுக்கில் விரல் விட்டு
ஒரு சட்டையை மட்டும் உருவிக்கொள்வார்.
செல்லும் அப்படித்தான்:
ஓரத்தில் வெளியே தொங்கும் கண்ணிகளை மட்டும் படிக்கும்.

திரையில், ஒவ்வொரு குச்சிக்குள்ளும் வளைவுகள்.
மீன்செதில் போல அடுக்கடுக்காய்.
சொலென் இரண்டு மாதமாக அவற்றை அளந்தாள்,
இடைவெளி, ஆரம், மறுபடி இடைவெளி.
ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க வளைவு.
திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

வியாழன் இரவு அவள் காப்பி எடுக்கப் போயிருந்தாள்.
மாதிரித் தட்டைச் சாய்த்தேன்,
சும்மாதான், கைப் பரபரப்பு.
இருபது பாகை இடப்பக்கம்: வளைவுகள் தட்டையாகிக் கோடாயின.
இன்னும் கொஞ்சம்:
மறுபுறம் திரும்பி வாய் பிளந்தன.

உள்ளே வளைந்தது எதுவுமே இல்லை.
எல்லாம் நேர் இழைகள்.
ஒரு வரிசை, அதன்மேல் இம்மி திருகி இன்னொரு வரிசை,
அதன்மேல் இன்னும் இம்மி.
சுழற்படிக்கட்டில் எந்தப் படியும் வளைந்திருப்பதில்லை.
குறுக்கே சரிவாகப் போனது
என் கத்தி.

வந்தாள். மறுபடி சாய்க்கச் சொன்னாள். மறுபடி.
பிரெத்தோன் மொழியில் ஏதோ சொன்னாள்,
நல்ல வார்த்தையாக இருக்காது.
பிறகு,
"அப்படியானால் நான் அளந்தது உன்னையா?"
"எழுபது நானோமீட்டர் அளவுக்கு" என்றேன்.

நாங்கள் இறங்கும்போது விடிந்திருந்தது, ஓதம் வற்றியிருந்தது.
துறைக்குள் படகுகளெல்லாம்
சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன.
சொலென் தலையைச் சாய்த்து
கொஞ்ச நேரம்
அவற்றை நேராக நிறுத்திப் பார்த்தாள்.