கடைசிக்கு முந்தி

அறுபத்து மூன்று முடிந்த மாதம்
கால் பெருவிரல் நகம் மறுபடி கறுத்தது.
தயானந்தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நகவெட்டியோடு குனிந்தார்.
"இது விழுந்துடும், கோகிலம்" என்றார்,
கொல்லைப் பப்பாளியைப் பற்றிச் சொல்வதுபோல்.

சனிக்கிழமை. சாட்ஸ்வொர்த்தில் மின்வெட்டு.
இருட்டில் துழாவி மாட்டிய காலுறையில்
ஒன்றுதான் என்னுடையது.
மேடுகள் இறங்கி வந்து சேர்ந்தால்
டர்பன் கடற்கரையில் விடிந்தே விட்டது.

முதல் கிலோமீட்டர் முழங்காலுக்கு.
அது முணுமுணுக்கும்; முணுமுணுக்கட்டும்,
முப்பத்தெட்டு வருஷம் வார்டு வார்டாய் நின்ற கால்.
இரண்டாவதில் மூச்சு
தன் நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்ளும்.
அப்புறம்
யாருக்கும் ஊசி போட வேண்டாம்,
யாருக்கும் சோறு கட்ட வேண்டாம்,
உப்புக்காற்று சட்டைக்குள் புகுந்து வெளியேறும்.

முடித்துவிட்ட குபாஷ்னி
என்னைத் தேடித் திரும்பி ஓடி வந்தாள்.
"பின்னால யாராவது இருக்காங்களாம்மா?"
"ஒரு ஆளும் அவர் நாயும். நாய் களைச்சுப்போச்சு."
சிரித்தாள். பக்கத்தில் நடையாய் ஓடினாள்.
மூன்று வாரமாய்ச் சோற்று மேசையில்
விழுங்கிக்கொண்டிருந்த சொல்
அலைச்சத்தத்தில் நழுவி விழுந்தது:
"ஜோஹன்னஸ்பர்க்ல வேலை கிடைச்சிருக்கு."
பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை.
நல்லதாய்ப் போயிற்று.
அவள் தோளில் ஒரு தட்டு தட்டினேன்,
வியர்வைக் கையால்.

காரில் தயானந்தன் வாய் பிளந்து தூக்கம்,
மடியில் பேப்பர், ஃபிளாஸ்க்.
கண்ணாடியைத் தட்டினோம்.
"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.
தேநீரை ஊற்றும்போதுதான் என் காலைப் பார்த்தார்.
"அது என்னோடது."