பின்னதே கணக்கு

இந்த வருஷம் ஆடிக்கு ரெண்டு அமாவாசை.
ஐஸ் கம்பெனி கொடுத்த காலண்டரில்
முதல் தேதியில் ஒரு கறுப்பு வட்டம்,
கடைசித் தேதியில் இன்னொன்று.
எதற்குக் கூட்டம் வரும் என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.
நான் சேதுக்கரையில் எள் விற்கிறவள்.
எள், தர்ப்பை, பச்சரிசி மாவு, வெற்றிலை, சூடம்,
ரெண்டு வாழைப்பழம். பை ஐம்பது ரூபாய்.

புரோகிதர் பஞ்சாபகேசன்
செல்போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.
"வாக்கியத்தில் ஒரு நாழிகை, திருக்கணிதத்தில் ஒரு நாழிகை,
அது கிடக்கட்டும்.
ஒரே மாசத்தில் ரெண்டு விழுந்தால்
பின்னதே கணக்கு."
"அப்ப முன்னது?"
"அது சும்மா அமாவாசை."

கீழக்கரைக்குச் சரக்கெடுக்கப் போனேன்.
சீனி அலி மரைக்காயர் எள்ளை அளந்தபடியே சிரித்தார்:
"எங்களுக்குப் பிறை தெரிஞ்சாத்தான் நாள்.
உங்களுக்கு அது மறைஞ்சாத்தான் நாள்.
நடுவுல கடன் வசூலிக்க
எனக்குன்னு ஒரு நாளும் இல்ல."
பழம் தவிர
விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்.
அந்தத் தைரியத்தில்
சும்மா அமாவாசைக்கும் இருபது பை கட்டினேன்.

அவர் போனது ஆடி நாலு. அது தெரியும்.
கச்சான் அடித்துக்கொண்டிருந்த விடியற்காலை.
தீப்பெட்டியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார்,
எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார்.
ஆறு நாள் கழித்து வல்லம் மட்டும்
அப்பாத் தீவுக்குத் தெற்கே கிடந்தது.
உள்ளே தண்ணீர்க் கேன், முக்கால் நிறைய.
அந்தக் கேனை வைத்து
எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன்.
முக்கால் கேன் என்றால்
முதல் நாளா, ரெண்டாம் நாளா.

ஏழு வருஷம் போன பிறகு
ராமநாதபுரம் கோர்ட் ஒரு நாளைக் கொடுத்தது.
சர்ட்டிபிகேட்டில் நம்புவேல், த/பெ முனியசாமி,
இறந்தது ஒரு புரட்டாசிப் புதன்கிழமை.
அந்தப் புதன்கிழமை
நான் கோர்ட்டுக்கு எதிரே
ஆறிப்போன வடை தின்றுகொண்டிருந்தேன்.
யாரும் சாகிற மாதிரி நாளாக அது இல்லை.

பஞ்சாபகேசனும் அதை ஏற்கவில்லை.
"அது நிவாரணப் பணத்துக்குத் தேதி.
பிதுர்களுக்குத் திதி வேணும்.
திதி தெரியாதவனுக்கு அமாவாசை."
எந்த அமாவாசை என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஆடி ஒன்று.
பஸ்ஸிலிருந்து இறங்கியது பதினோரு பேர்.
அடுத்ததுக்கு லீவு கிடைக்காது என்று
பட்டாளத்துக்காரர் ஒருவர் வாங்கினார்.
மொத்தம் நாலு பை.
ஆஞ்சநேயர் கோயில் நாய் எனக்கு முன்னால் வந்து படுத்தது,
இன்றைக்கு யாரும் மிதிக்க மாட்டார்கள் என்று
அதற்கும் தெரிந்திருந்தது.
கடல் மட்டும் ஏறியிருந்தது.
அமாவாசைக்கு எந்தக் கல்வரை ஏறுமோ
அந்தக் கல்வரை.
பின்னதே கணக்கு என்று
அதனிடம் யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் பசித்தது. ஒரு பையைப் பிரித்தேன்.
ஒரு பழத்தை நான் தின்றேன்.
எள்ளைக் கையில் கொட்டிக்கொண்டு
முழங்கால் தண்ணீர்வரை போனேன்.
பொம்பளை செய்யக் கூடாது என்பார்கள்.
பார்க்க ஆளில்லை,
பார்த்தாலும் சும்மா அமாவாசைதானே.
போன தையில் யாரோ விட்டுப்போன வேட்டி
காலைச் சுற்றியது.
மந்திரம் தெரியாது.
"தண்ணி மிச்சம் இருந்துச்சே" என்றேன்.
வேறொன்றும் வரவில்லை.
இன்னொரு பழம் மிதந்தபடி
கரைக்கே திரும்பி வந்தது.
நாய் எழுந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்தது.

பொழுது சாய்ந்து மரைக்காயர் கடையில் எண்ணினார்.
இருபதில் நாலு போனால் பதினாறு.
இருந்தது பதினைந்து.
முகத்தைப் பார்த்தார், கேட்கவில்லை.
முப்பத்தொன்றுக்கு ஐந்நூறு பை வேண்டும் என்றேன்.
நோட்டில் என் பேரை எழுதினார்,
ஐந்நூறு என்று எழுதினார்,
தேதிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.
வாசலுக்குப் போய்
மேற்கே கொஞ்ச நேரம் நின்றார்.
"பிறை காணல.
நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று
அந்த இடத்தை வெறுமையாக விட்டார்.