பாதியில் நின்ற நாணயம்

ஐப்பசியிலேயே தொடங்கிவிடுவேன்.
சம்பா நாற்று அழுகுமோ என்று
பொறையாரே வானத்தைப் பார்க்கிற நாட்களில்
நான் வெண்ணெயை விரலால் அமுக்கிப் பார்ப்பேன்.

இஞ்சி மாவை உருட்டி, பாலிதீனில் சுற்றி
மேலே எழுதுவேன்: இஞ்சி, நவம்பர் ஒன்பது.
அப்புறம் வெண்ணெய் நட்சத்திரம்.
ஏலக்காய். கருப்பட்டி.
கொக்கோவையும் வெள்ளையையும் அடுக்கிக்
கோரைப்பாய் மாதிரி சுருட்டியது.
தேங்காய் மட்டும் உருண்டையாக,
தட்டோடு உள்ளே போகும்.

"வஞ்சிரம் வாங்கினா எங்கே வைக்கிறது?"
என்றார் ஏசுவடியான்.
"வாங்காதீங்க" என்றேன்.

டம்ளரில் தண்ணீரை உறையவைத்து
அதன் தலையில் ஐந்து ரூபாயை வைத்தவர் அவர்தான்.
மின்வாரியத்தில் வயர்மேன்.
கரண்டை அவரே நம்புவதில்லை.
"நாம இல்லாதப்ப போயிட்டு வந்தாலும்
இது சொல்லிடும்.
காசு மேலே இருந்தா நல்லது.
அடியில கிடந்தா எல்லாத்தையும் கொட்டிடு."

புதன் இரவு புயல் கரையைக் கடந்தது.
விடியுமுன் ஜீப் வந்து அவரை ஏற்றிப் போனது
கோடியக்காட்டுப் பக்கம்.
அங்கே கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டனவாம்.
எங்கள் தெருவில் விழுந்தது ஒன்றே ஒன்று.
ஒரு கம்பத்துக்கு யார் வருவார்?

திறந்தால் குளிர் போய்விடும்.
ஃபிரீசர் மேல் இரண்டு போர்வை, ஒரு சாக்கு.
எதிர்வீட்டு மங்களேஸ்வரி எட்டிப் பார்த்து
"பெட்டிக்கும் குளிர் ஜுரமா?" என்றாள்.
இரண்டாம் நாள் சாயங்காலம்
பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கோடு தண்ணீர்
நடந்து வந்து என் காலைத் தொட்டது.

திறந்தேன்.
நாணயம் பாதியில் நின்றது.

பாதிக்கு என்ன செய்வது என்று
அவர் சொல்லவில்லை.

இஞ்சி இன்னும் நடுவில் கல்.
நட்சத்திர மாவு காது மடல் மாதிரி.
என் அடுப்போ கரண்டு அடுப்பு,
மேடையில் வாயைத் திறந்து வைத்திருந்தது.

அன்னக்கூடையில் எல்லாம் அள்ளி
குடையை எனக்குப் பிடிக்காமல் அதற்குப் பிடித்து
நத்தர் ஷா பேக்கரிக்குப் போனேன்.
சவுக்கு விறகு, செங்கல் அடுப்பு.
வாசலில் வரிசை.
கிரைண்டர் ஓடாத ஊரில் இட்லி ஏது?
எல்லோருக்கும் ரொட்டி.

கடைசித் தட்டை இழுத்துவிட்டுச் சொன்னார்:
"இனி விறகு போட மாட்டேன்மா, ஈரமாக் கிடக்கு.
சூடு இறங்கிட்டே இருக்கும்.
நமக்காக நிக்காது."

ஒரு பிடி மாவை அடுப்புத் தரையில் விசிறினார்.
எண்ணினேன். ஏழில் கறுத்தது.
இஞ்சியைத் தள்ளினோம்.
பன்னிரண்டில் பழுப்பு: கருப்பட்டி, பாய்ச்சுருள்.
இருபதில் நட்சத்திரம், ஏலக்காய்.
பிறகு மாவு வெள்ளையாகவே கிடந்தது;
எண்ணுவதை விட்டுவிட்டுத்
தேங்காயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம்.

ரொட்டி தீர்ந்தும் வரிசை கலையவில்லை.
வாசனை அவர்களைப் பிடித்து வைத்திருந்தது.
"அது என்னக்கா?"
பள்ளிக்கூட முகாமிலிருந்து வந்த பையன்.
"இருபத்தஞ்சாம் தேதிக்கு."
"இன்னைக்குத்தான பசிக்குது?"

பதினோரு வீட்டு ஆர்டர்.
நான்கு வீட்டில் முன்பணம் வேறு வாங்கியிருந்தேன்.
விலையை நான் யோசிக்குமுன்
நத்தர் ஷா சொல்லிவிட்டார்:
"நட்சத்திரம் ஒண்ணு ரெண்டு ரூபா."
சில்லறை இல்லாதவர்கள் அவர் நோட்டில் ஏறினார்கள்.
ரொட்டிக் கணக்கு நோட்டில்
வரிசையாக நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்.
பாதிப் பேர் அதற்குள்ளேயே தின்று முடித்திருந்தார்கள்.

ஞாயிறு மதியம் அவர் வந்தார்,
முழங்கால் வரை உப்புச் சேறு.
வெந்தும் வேகாத தேங்காய் உருண்டை மூன்று இருந்தது.
நின்றபடியே தின்றார்.
"எங்கே மத்ததெல்லாம்?"
"கிறிஸ்துமஸ் வந்துட்டுப் போயிடுச்சு."

திங்கள் கரண்டு வந்தது.
ஃபிரீசர் ஒருமுறை உதறிக்கொண்டு முனகத் தொடங்கியது.
இரவுக்குள் டம்ளர் மறுபடி கட்டி.
நாணயம் அப்படியே நடுவில்,
மேலேயும் பனி, கீழேயும் பனி.

"எடுத்து மேலே வையி" என்றார்.
"இருக்கட்டும்" என்றேன்.
"அடுத்த தடவை அங்கேருந்தே இறங்கட்டும்."

புதுப் பாலிதீனைக் கிழித்துப்
பேனாவைத் தேடினேன்:
இஞ்சி, டிசம்பர் இரண்டு.