அரை மில்லிகிராம்

இரவு இரண்டே கால்.
மண்டபத்திலிருந்து வந்த நூற்றியெட்டு
நம்புவேலை இறக்கிவிட்டுத் திரும்பியது.
வயது எண்பத்தொன்று என்றாள் மகள்.
ஆதாரில் எழுபத்தாறு.
மருந்து எடுக்கும்போது
நான் மகளைத்தான் நம்பினேன்.

ஏலக்கூடத்துப் படியில் வழுக்கியிருக்கிறார்.
காதுக்கு மேலே ஒரு புடைப்பு,
காலரில் காய்ந்த ரத்தம்.
விழுந்தது சாயங்காலம்.
கஞ்சி குடித்தார், பீடி கேட்டார்,
பத்து மணிக்கு மேல்தான் பேச்சு தடம் மாறியதாம்.

சி.டி. அறைக் குளிரில்
வளையம் உறுமத் தொடங்கியதும் எழுந்துவிட்டார்.
படுக்க வைத்தோம். எழுந்தார்.
"வால்வத் திருகுங்கடா, அமோனியா கசியுது!"
"முப்பத்துநாலு வருசம் ஐஸ் கம்பெனி"
என்றாள் காளீஸ்வரி, மன்னிப்புக் கேட்பவள் போல.
"கம்ப்ரசர் சத்தம் நின்னாத்தான் முழிப்பாரு."

கண்ணாடிக்கு அப்பாலிருந்து சகாயம்:
"இருபது செகண்டு அசையாம இருந்தாப் போதும் டாக்டர்."
திரையில் வந்தது
ஆடும் வள்ளத்திலிருந்து எடுத்த போட்டோ.
ஒரே மண்டைக்கு மூன்று விளிம்பு.
எது எலும்பு, எது ரத்தம்?

"ஊசியப் போட்டுப் படுக்க வைங்க மேடம்,"
ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் சொன்னார்.
ஊசி இருக்கிறது.
போன ஆவணியில்
தேவிபட்டினத்து அம்மா ஒருவருக்கு
முழுசாக இரண்டு மில்லிகிராம் போட்டேன்.
படம் கண்ணாடியாக வந்தது.
மூன்று நாள் என்னைப் பார்த்து
"நீ யாரு தாயி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.
நான்காம் நாள் கேட்கவில்லை.

அதனால் முதலில் தேடினேன்.
சர்க்கரை சரி. மூச்சு சரி.
எங்கே வலி என்றால் கம்பெனி விலாசம் சொல்கிறார்.
அடிவயிற்றில் கை வைத்தேன்,
இளநீர்க் காய் போல இறுகியிருந்தது.
ரஹ்மத் நிஷா குழாய் போட்டாள்.
எழுநூற்றைம்பது மில்லி.
அமோனியா கசிவது நின்றது.

ஆனாலும் வலது கை மட்டும்
காற்றில் எதையோ திருகிக்கொண்டேயிருந்தது,
தலையும் கூடவே திரும்பியது.

படிவத்தை நீட்டினேன்.
"எந்திரிச்சிருவாருல்ல?"
என்னிடம் இருந்தது ஒரு சதவீதம்.
அவள் கேட்டது அது இல்லை.
"பக்கத்துலயே நிப்பேன்" என்றேன்.
எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

அரை மில்லிகிராம்.
சிரிஞ்சில் ஒரு சிட்டிகைத் தண்ணீர்.
வயசான உடம்பில் ரத்தம் நின்று நிதானித்துப் போகும்.
இன்னும் கொஞ்சம் போடலாமே என்று
விரல் அரிக்கிற அந்த இரண்டு நிமிடம்தான்
ஆபத்து முழுவதும்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி
சிரிஞ்சை நிஷாவிடம் கொடுத்துவிட்டேன்.
என் கையில் அது இருக்கக் கூடாது.

கை திருகுவதை நிறுத்தியது.
வளையம் உறுமியது.
ஈயச் சட்டையோடு உள்ளேயே நின்றேன்.
விரல் குளிர்ந்து கருவி காட்டவில்லை,
காது மடலில் மாட்டினோம்.
தொண்ணூற்றைந்து.
தொண்ணூற்றொன்று.
எண்பத்தேழு.
மார்பு ஏறவில்லை.
தாடையைத் தூக்கிப் பிடித்தேன்.
நரைத்த முள்முடி உள்ளங்கையில் குத்தியது.
ஏழு, எட்டு, ஒன்பது
யார் எண்ணினார்கள், நானா நிஷாவா?
பிறகு நீளமாய் ஒரு மூச்சு,
மீன் எண்ணெயும் பீடியும் மணக்க.

"வந்துருச்சு" என்றான் சகாயம்.
படத்தைச் சொன்னான். நான் மூச்சைக் கேட்டேன்.

மூளையின் ஓரமாக வெள்ளையாய் ஒரு பிறை.
அப்படித்தான் ரிப்போர்ட்டில் எழுதுவது வழக்கம்.
நோன்புக்கு நான்கு நாள் இருந்தது,
எட்டிப் பார்த்த நிஷா
ஒன்றும் சொல்லாமல் முகம் திருப்பிக்கொண்டாள்.

மதுரைக்குப் போன் போட்டேன்.
மீதி நாலரையைக் கழிவில் ஊற்றி
ரிஜிஸ்டரில் எழுதினேன்.

போர்ட்டிகோவில்
ஆம்புலன்சின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
ஏற்றும்போது கண் திறந்தார்.
"எத்தன பார் ஏத்தியாச்சு?"
அவரிடம் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது,
எண் எதுவும் தெரியவுமில்லை.
"நாப்பது" என்றேன்.

"காணாது" என்றார்.