ஒன்றுக்குப் பன்னிரண்டு

பொன்னேரி தாண்டி ஏறத் தொடங்கியது வேன்.
ஏலகிரிக்குப் பதினாலு வளைவு.
மலையை நேராக ஏற முடியாதென்று
ரோடு போட்டவனுக்குத் தெரிந்திருக்கிறது.
லாரிக்கு, பஸ்ஸுக்கு, தேனிலவுக்கு வரும் காருக்கு
மலை வளைந்து கொடுத்திருக்கிறது.
பின்சீட்டில் மடித்துப் போட்ட என் சக்கர நாற்காலி
வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் சாய்ந்து
இடித்துக்கொண்டே வந்தது.

நாளைக்குத் திறப்பு விழா.
கழுகுப்பாறை காட்சிமுனைக்கு நூற்றுப் பன்னிரண்டு படி,
இரண்டு பக்கமும் எவர்சில்வர் கைப்பிடி,
மூங்கில்போல் பெயின்ட் அடித்த சிமென்ட் தூண்கள்.
"உங்கள மாதிரி ஆளுங்களுக்கும் வசதி செஞ்சிருக்கோம்,
தில்ஷாத் மேடம். ஒரே ஒரு போட்டோ."
ஆம்பூர் ஷூ கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன்.
மேல்தோல் தைப்பவள் நான்.
என் கையில் முடிந்த ஜோடிகள்
இப்போது எந்த ஊரில் எந்தப் படி ஏறுகின்றனவோ.

சாய்தளம் இருந்தது, பொய்யில்லை.
மஞ்சள் கோடு, நீலப் பலகை,
பலகையில் என்னைப்போல் ஒரு வெள்ளைக் கோட்டுருவம்.
ஒன்பது படி உயரத்துக்கு ஏறி
ஒரு சிமென்ட் பெஞ்சில் போய் முடிந்தது அது.
பெஞ்சுக்கு அப்பால் மீதி நூற்று மூன்று.

பெஞ்ச்!
உட்கார்ந்தே வந்தவளுக்கு
உட்கார ஓர் இடம்.

டேப் கொண்டுபோயிருந்தேன்.
ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும்.
இங்கே ஓரடிக்கு நாலடி.
கை நழுவினால் நாற்காலி நிற்காது,
நேரே பஜ்ஜிக்கடை எண்ணெய்ச் சட்டிதான்.

என்ஜினீயர் கமலநாதன் செல்போனைப் பார்த்தார்.
மேஸ்திரி சின்னக்கண்ணு தரையைப் பார்த்தார்.
"அவ்ளோ நீளத்துக்கு எடம் ஏதும்மா?"

சுற்றிலும் மலை இருந்தது.

"விடுங்க, நாளைக்கு நாலு பேரை வெச்சித்
தூக்கிக்கிட்டுப் போயிடலாம்."

நாலு பேர்.
அது ஒரே ஒரு தரம்தான் சார்.
அன்றைக்கு எனக்குக் காட்சிமுனை
தேவைப்படாது.

யாரும் சிரிக்கவில்லை,
பலாச்சுளை விற்கும் வெள்ளச்சியைத் தவிர.
கையில் ஒட்டிய பாலை எண்ணெய் தொட்டுத் துடைத்தபடி
"பின்னால கழுதத் தடம் இருக்கே" என்றாள்.
புளியும் பலாவும் அந்த வழியாகத்தான் இறங்குமாம் முன்னே.
கழுதை நேரே ஏறாது.
முதுகில் மூட்டை உள்ள எதுவும்
நேரே ஏறுவதில்லை.

செம்மண் தடம். வேர்கள். ஆட்டுப்புழுக்கை.
இங்கேயும் டேப் வைத்துப் பார்த்தேன்:
ஒன்றுக்குப் பதினொன்று, ஒன்றுக்குப் பதின்மூன்று.
யார் அளந்தார்கள் இதை?
மேஸ்திரி முன்னால் போய்
கூப்பிடாமலே கடப்பாறையால் கல் பெயர்த்துக்கொண்டிருந்தார்.
என் உள்ளங்கை இரண்டும் பழுத்துவிட்டன.
ஒரு மணி நாற்பது நிமிஷம்.
உச்சிக்கு இரண்டு திருப்பம் இருக்கையில்
மழை அறுத்த ஓடை குறுக்கே கிடந்தது,
மூன்றடி அகலம்,
அவ்வளவுதான்.

அங்கேயே பிரேக் போட்டேன்.
மரங்களின் இடைவெளியில், கீழே, ஜோலார்பேட்டை.
தண்டவாளங்கள் பிரிந்தன, சேர்ந்தன, மறுபடி பிரிந்தன.
ஒரு கூட்ஸ் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது,
வயல்களைச் சுற்றி, ஒரு குடியிருப்பைச் சுற்றி,
அவசரமே இல்லாமல்.
ஒரு ரயில் திரும்ப எவ்வளவு நீளம் பிடிக்கிறது!
அதனிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை
இடம் ஏதென்று.

மேஸ்திரி ஓடைக்குக் குறுக்கே என் டேப்பை இழுத்துப் பிடித்தார்.
"ரெண்டு பலகக்கல்லு, ஒரு மூட்ட சிமென்ட்டு.
எந்தக் கணக்குல எழுதறதுன்னுதான் தெரியல."
பதில் சொல்வதற்குள்
கீழே மேடையில் மைக் டெஸ்ட் தொடங்கிவிட்டது:
ஒன்று, இரண்டு, மூன்று.
ஒன்று, இரண்டு, மூன்று.

அதற்கு மேல்
யாரும் எண்ணவில்லை.